பெரியாஸ்பத்திரிக்கு முதல்தரம் போறியளோ? இதை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ

யாழ்ப்பாணத்தில இறங்கி ஆரிட்டயாவது "போதனா வைத்தியசாலை எங்க இருக்கு" எண்டு கேட்டுப் பாருங்கோ, ஒரு செக்கன் யோசிச்சிட்டு "ஓ, பெரியாஸ்பத்திரியோ" எண்டுதான் திருப்பிக் கேப்பினம். போர்ட்டில என்ன எழுதியிருந்தாலும் சனத்தின்ர வாயில அதுதான் பேர். வட மாகாணத்துக்கே இருக்கிற ஒரே போதனா வைத்தியசாலை இது, ஆயிரத்துக்கு மேல கட்டில், அதால யாழ்ப்பாணச் சனம் மட்டுமில்லை, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா எண்டு எல்லா இடத்தில இருந்தும் பெரிய வருத்தம் எண்டா இஞ்சதான் அனுப்பிவிடுவினம். முதல்தரம் வாற ஆக்கள் கேற்றடியில நிண்டு முழிக்கிறதை நான் எத்தினையோ நாள் கண்டிருக்கிறன், நானும் அப்பிடி முழிச்ச ஆள்தான்.

நான் டொக்டரும் இல்லை, மிஸ்ஸும் (நேர்ஸும்) இல்லை. அம்மாவுக்குச் சீனி, பிரஷர், பேந்து விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சது எண்டு நாலைஞ்சு வருஷமா கிளினிக்கும் வாட்டுமா ஏறி இறங்கினதில பழகினதைத்தான் எழுதுறன். வன்னியில இருந்தோ தீவில இருந்தோ முதல்தரம் வாற ஆக்கள், வெளிநாட்டில இருந்து லீவில வந்து அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போற பிள்ளையள், இவைக்குத்தான் இது கூட உதவும். டொக்டர் சொல்லுறதுதான் கடைசி வார்த்தை, நான் சொல்லுறது கேற்றில இருந்து டொக்டர் வரைக்கும் எப்பிடிப் போய்ச் சேருறது எண்டு மட்டும்தான்.

முதல் கேள்வி: அங்கதான் போகவேணுமோ

இதை ஒருத்தரும் யோசிக்கிறதில்லை. தடிமன் காய்ச்சலுக்கும் பெரியாஸ்பத்திரி, கால்ல முள்ளுக் குத்தினாலும் பெரியாஸ்பத்திரி. பருத்தித்துறைப் பக்கம் எண்டா மந்திகையில ஆதார வைத்தியசாலை இருக்கு, தென்மராட்சிக்கு சாவகச்சேரி, வலிகாமம் வடக்குக்கு தெல்லிப்பழை. இதுகளிலயும் வாட் இருக்கு, கிளினிக் இருக்கு, சனம் குறைவு, டொக்டரோட ரெண்டு வார்த்தை கூடக் கதைக்கலாம். புற்றுநோய்க்கு தெல்லிப்பழையில தனி ஆஸ்பத்திரி இருக்கு, 2011இல தெற்கில தெய்வேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை வரைக்கும் ஆக்கள் 27 நாள் நடந்து காசு சேர்த்தது அதுக்குத்தான், ஞாபகம் இருக்கும். புற்றுநோய் எண்டு தெரிஞ்ச பிறகும் பெரியாஸ்பத்திரியில போய் லைனில நிண்டு, அங்க இருந்து திருப்பித் தெல்லிப்பழைக்கு அனுப்பி, ஒரு நாள் வீணாப் போன ஆக்களைக் கண்டிருக்கிறன்.

கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில காட்டி அவை "இஞ்ச ஏலாது, யாழ்ப்பாணம் போங்கோ" எண்டு கடிதம் தந்தா அதுதான் நல்ல வழி. ஏனெண்டா அந்தக் கடிதம் உள்ள போற கேற் மாதிரி. கடிதத்தோட வாற ஆளை எந்தக் கிளினிக்குக்கு, எந்த நாளைக்கு அனுப்புறது எண்டு உடன சொல்லுவினம். கடிதம் இல்லாட்டி முதல் ஓபிடியில, அதுதான் வெளிநோயாளர் பிரிவில, நிண்டு, அங்க ஒரு டொக்டர் பாத்து, அவர் எழுதி, பேந்துதான் கிளினிக்.

பின்னேரத்தில பிரைவேட்டில சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிஞ்சு, பெரிய டொக்டரைக் காட்டி, அவரிட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு வாறதும் நடக்கிற விஷயம்தான். காசு இருந்தா செய்யுங்கோ, அது உங்கட விருப்பம். ஆனா சனல் பண்ணினாத்தான் உள்ள பாப்பினம் எண்டு ஊரில சொல்லுற கதையை நம்பிக் கடன்பட்டுச் செய்யாதேங்கோ. அரசாங்க ஆஸ்பத்திரி, காசில்லாத வைத்தியம், ஓபிடியால போற ஆளுக்கும் அதே வாட், அதே தியேட்டர்தான்.

எப்ப கிளம்புறது

ஆஸ்பத்திரி இருக்கிறது ஆஸ்பத்திரி வீதியில, பஸ் ஸ்ராண்டில இருந்து நடந்து போற தூரம், ஓட்டோ தேவையில்லை. ரெயினில வந்தா ஸ்ரேஷனில இருந்து ஓட்டோ பிடிக்கலாம், நடக்கக்கூடிய ஆள் எண்டா நடக்கவும் செய்யலாம். முன்னுக்கு வரிசையா பாமசிகள், பழக்கடை, சாப்பாட்டுக்கடை, போட்டோ கொப்பிக் கடை. அதுகளைப் பாத்தாலே வந்திட்டம் எண்டு தெரிஞ்சிடும்.

விடிய வெள்ளன வாங்கோ. எட்டு மணிக்கு வந்து "இப்பதானே திறந்தது" எண்டு நினைச்சியள் எண்டா, உங்களுக்கு முன்னுக்கு ஐம்பது பேர் நிப்பினம். கிளினிக்கில இரத்தம் குடுக்க வேண்டியிருந்தா இன்னும் வெள்ளன வரவேணும், சீனி பாக்கிறது எண்டா சாப்பிடாம வரச் சொல்லியிருப்பினம். இஞ்ச ஒரு சின்ன விஷயம்: வெறும் வயித்தோட வாறனியள் ஒரு லஞ்ச்சீற்றில ரெண்டு இடியப்பமோ பாணோ கட்டிக்கொண்டு வாங்கோ, இரத்தம் குடுத்த உடன சாப்பிடலாம். வயசு போன ஆக்கள் சீனிக் குளுசையைப் போட்டிட்டுச் சாப்பிடாம லைனில நிண்டு தலை சுத்தி விழுறது அடிக்கடி நடக்கும். டொக்டர் வேற விதமாச் சொல்லாட்டி சாப்பாட்டோட போடுற குளுசையைச் சாப்பாட்டோடதான் போடவேணும், வீட்டில வெறும் வயித்தில போட்டிட்டு வாறதில்லை.

நெடுந்தீவு ஆக்களுக்கு இது பெரிய கரைச்சல். விடிய வள்ளம் எடுத்து குறிகட்டுவானுக்கு வந்து, அங்க இருந்து பஸ் பிடிச்சு ரவுணுக்கு வந்து சேர நம்பர் துண்டு எல்லாம் முடிஞ்சிருக்கும், கடல் கொந்தளிச்சா அதுவும் இல்லை. கிளினிக் நாளுக்கு முதல்நாளே வந்து சொந்தக்காரர் ஆரிட்டயாவது தங்குறதுதான் ஒரே வழி. முல்லைத்தீவுப் பக்கம் உள்ளுக்குள்ள இருந்து வாறவைக்கும் இதையே சொல்லுவன். கிளினிக்கில திகதி எழுதேக்க "மிஸ், நாங்கள் நெடுந்தீவு" எண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோ, ஒரே நாளில ரெண்டு கிளினிக்கையும் போடக்கூடிய மாதிரி இருந்தா போட்டுத் தருவினம். சொல்லாட்டி அவைக்கு எப்பிடித் தெரியும்?

துண்டு

இந்த ஆஸ்பத்திரியில, ஏன் இலங்கையில எந்த அரசாங்க ஆஸ்பத்திரியிலயும், எல்லாம் துண்டில ஓடுது. நம்பருக்குத் துண்டு, மருந்துக்குத் துண்டு, இரத்தத்துக்குத் துண்டு, எக்ஸ்றேக்குத் துண்டு, நோயாளியோட நிக்கிறதுக்குத் துண்டு, கடைசியா வீட்ட விடுறதுக்குப் பேரே "துண்டு வெட்டுறது". ஆளைப் பாத்து ஒருத்தரும் ஞாபகம் வைச்சிருக்க மாட்டினம், துண்டைப் பாத்துத்தான் ஞாபகம் வரும். ஒரு நாளைக்கு எத்தினை ஆயிரம் முகம், பாவம் அவையும் என்ன செய்யிறது.

ஆகவே ஒரு பிளாஸ்டிக் பைல் வாங்குங்கோ. அதுக்குள்ள இவ்வளவும் இருக்கவேணும்: அடையாள அட்டை, அதின்ர கொப்பி ரெண்டு, கிளினிக் கொப்பி, முந்தி எங்கயாவது வாட்டில இருந்திருந்தா அங்க தந்த டயக்னோசிஸ் காட், கடைசியா எடுத்த இரத்த ரிப்போட், எக்ஸ்றே படம், ஸ்கேன் ரிப்போட், இப்ப போடுற மருந்தின்ர மட்டை. மருந்தின்ர பேர் தெரியாட்டி பரவாயில்லை, மட்டையையே கொண்டுபோங்கோ, "வெள்ளைக் குளுசை, வட்டமா இருக்கும்" எண்டு சொன்னா டொக்டருக்குச் சிரிப்புத்தான் வரும், உலகத்தில பாதிக் குளுசை வெள்ளை வட்டம்தானே. எந்த மருந்து ஒத்துவராது, ஊசி போட்டு எப்பவாவது உடம்பு தடிச்சதோ எண்டதை பைலின்ர முதல் பக்கத்தில பெருசா எழுதி ஒட்டுங்கோ. பேனை ஒண்டும் வையுங்கோ, அங்க பேனை இரவல் கேட்டே பாதி நேரம் போகும்.

எல்லாத்தையும் போனிலயும் ஒரு படம் எடுத்து வையுங்கோ. இதை நான் சும்மா சொல்லேல்லை. ஒருக்கா அம்மாவின்ர கிளினிக் கொப்பியை வீட்டு மேசையிலயே வைச்சிட்டு வந்து, அரைவாசி வழி போய், திரும்பி வந்து, அண்டைக்குக் கிளினிக்கே முடிஞ்சுபோச்சு, அம்மா பின்னேரம் வரைக்கும் என்னோட கதைக்கேல்லை. எங்கட ஆக்களுக்கு இன்னொரு பிரச்சினையும் இருக்கு. எத்தினை குடும்பம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பிறப்புச் சான்றிதழில இருந்து ஆஸ்பத்திரிக் கொப்பி வரைக்கும் துலைச்சிட்டு வந்து நிக்குது. இருபது வருஷத்துக்கு முதல் செய்த ஒப்பரேஷனுக்கு என்ன ஆதாரம் எண்டு கேட்டா உடம்பில இருக்கிற தழும்புதான் ஆதாரம். அப்பிடி எண்டா வீட்டில ஆறுதலா இருந்து, எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி, என்ன செய்தவை எண்டு ஞாபகம் உள்ள அளவுக்கு ஒரு வெள்ளைத்தாளில எழுதிக்கொண்டு போங்கோ. அதுவும் ஒரு துண்டுதான்.

இன்னொரு துண்டு, அதை மறக்காதேங்கோ

கடதாசித் துண்டைப் பற்றிச் சொன்னன், ஷெல் துண்டைப் பற்றியும் சொல்லவேணும். வன்னியில இருந்து வாற எத்தினையோ பேரின்ர உடம்பில இன்னும் ஷெல் பீஸ் கிடக்கு. தோளில, தொடையில, முதுகில, சிலருக்கு தலையிலயும். எடுத்தா ஆபத்து கூட எண்டு அப்ப டொக்டர்மார் விட்டிருப்பினம், காயம் ஆறியிருக்கும், பேந்து கலியாணம், பிள்ளை, தோட்டம் எண்டு ஆளே அதை மறந்திருப்பார்.

எம்ஆர்ஐ ஸ்கேன் எழுதினா இதைக் கட்டாயம் சொல்லவேணும். அது பெரிய காந்தம், உள்ளுக்க இருக்கிற இரும்பு அசையலாம், சூடாகலாம், கண்ணுக்குக் கிட்டயோ முள்ளந்தண்டுக்குக் கிட்டயோ இருந்தா என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. ஸ்கேனுக்கு முதல் ஒரு போர்ம் தந்து, உடம்பில உலோகம் ஏதும் இருக்கோ எண்டு கேப்பினம். எங்கட சித்தப்பாவிட்டயும் கேட்டவை. அவர் மோதிரத்தையும் மணிக்கூட்டையும் கழட்டிக் குடுத்திட்டு "இல்லை" எண்டு சொல்லிட்டார். பக்கத்தில நிண்ட சித்திதான் "என்னப்பா, மாத்தளனில பட்டது தொடைக்குள்ள கிடக்கெல்லோ" எண்டவ. பேந்து எக்ஸ்றே எடுத்துப் பாத்தா ஒண்டில்லை, மூண்டு. ஆகவே நோயாளியோட போற ஆள் அவரின்ர பழைய கதை தெரிஞ்ச ஆளா இருக்கிறது நல்லம். சின்னப் பெடியனை அனுப்பினா அவன் பிறக்க முதல் நடந்ததை எப்பிடிச் சொல்லுவான்?

காந்த ஸ்கேனுக்கு மட்டுமில்லை, நெஞ்சு நோ, கால் விறைப்பு எண்டு எதுக்குப் போனாலும் பழைய காயத்தைச் சொல்லி வையுங்கோ. வெட்கப்படவோ பயப்படவோ தேவையில்லை, எங்க பட்டது, ஆர் அடிச்சது, அப்ப நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தனியள் எண்டது டொக்டருக்குத் தேவையில்லாத கதை. "2009இல ஷெல் பட்டது, பீஸ் உள்ள இருக்கு", அவ்வளவு காணும்.

அவசரம் எண்டா

1990 அடியுங்கோ. சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை, தமிழில கதைக்கலாம், 2018இல இருந்து வடக்கிலயும் ஓடுது. நெஞ்சு நோ, ஒரு பக்கம் கை கால் இழுக்கிறது, வாய் கோணுறது, மூச்சு வாங்கிறது எண்டா ஓட்டோ தேடிக்கொண்டு நிக்காதேங்கோ. மோட்டச்சைக்கிளில நடுவில வைச்சுக் கொண்டுபோறதையும் கண்டிருக்கிறன், முள்ளந்தண்டு அடிபட்ட ஆளை அப்பிடிக் கொண்டுபோனா பிறகு எழும்பவே மாட்டார்.

அவசர சிகிச்சைப் பிரிவுக்குள்ள வந்த ஒழுங்கில பாக்க மாட்டினம், ஆருக்கு உயிர் ஆபத்தோ அவரைத்தான் முதல் பாப்பினம். உங்களுக்குப் பிறகு வந்த ஆளை முதல் கொண்டுபோனா சண்டைக்குப் போகாதேங்கோ, உங்களைக் காக்க வைக்கினம் எண்டா அது ஒரு கணக்குக்கு நல்ல செய்தி. விபத்து, அடிபிடி எண்டா பொலிஸ் போஸ்ட்டில பதிவினம், எங்க நடந்தது எண்டு கேப்பினம், அதுக்குப் பயந்து "விழுந்தது" எண்டு பொய் சொல்லிப்போட்டு பேந்து இன்சூரன்ஸ், கோடு (நீதிமன்றம்) எண்டு வரேக்க தலையில கை வைக்காதேங்கோ.

பாம்பு கடிச்சா: கட்டாதேங்கோ, கீறாதேங்கோ, உறிஞ்சாதேங்கோ, கடிச்ச இடத்தை ஆட்டாம வைச்சுக்கொண்டு உடன வாங்கோ. பாம்பை அடிச்சு சொப்பிங் பாக்கில போட்டுக்கொண்டு வரவேண்டிய அவசியமும் இல்லை, ஏலுமெண்டா தள்ளி நிண்டு ஒரு படம் எடுத்தாக் காணும். விஷம் ஏறியிருக்கோ எண்டு இரத்தம் உறையிறதையும் மற்ற அறிகுறியளையும் பாத்துத்தான் முடிவெடுப்பினம், விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில இருக்கு. விஷகடி வைத்தியரிட்டப் போய் ரெண்டு மணித்தியாலம் வீணாக்கிப்போட்டு வந்தா அந்த ரெண்டு மணித்தியாலத்தைப் பெரியாஸ்பத்திரியாலயும் திருப்பித் தர ஏலாது.

ஐப்பசியில மழை தொடங்கித் தை வரைக்கும் டெங்கு சீசன். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், புரூபன் டிஸ்பிரின் எல்லாம் தொடவே கூடாது. மூண்டாம் நாள் இரத்தம் பாத்திட்டு, வயித்து நோ, தொடர்ந்து சத்தி, ஆள் சோர்ந்து கிடக்கிறார் எண்டா காய்ச்சல் விட்டிட்டுது எண்டு நினைச்சு வீட்டில இருக்காதேங்கோ, டெங்கில காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்து.

வாட்டில எட்மிட் பண்ணினா

"எனக்கு இன்ன டொக்டரின்ர வாட்தான் வேணும்" எண்டு கேக்கிறதில பலனில்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாட்டுக்கு கஷுவல்ரி, அண்டைக்கு வாற புது நோயாளியள் எல்லாம் அந்த வாட்டுக்குத்தான் போவினம். அதாலதான் ஒரு வாட்டில கட்டில் வெறுமையாக் கிடக்க, பக்கத்து வாட்டில ஆக்கள் நிலத்தில படுத்திருப்பினம். முதல் ராத்திரி நிலத்தில படுக்க நேர்ந்தா கோபிக்காதேங்கோ, அடுத்தநாள் துண்டு வெட்ட வெட்டக் கட்டில் கிடைச்சிடும். ஒரு பாயும் பெற்சீற்றும் கொண்டுபோறது புத்தி.

வேற என்ன கொண்டுபோறது: சாரமோ நைற்றியோ ரெண்டு, துவாய், சவுக்காரம், கோப்பை, கரண்டி, சுடுதண்ணிப் பிளாஸ்க், செருப்பு, நுளம்புக்கு ஏதாவது. நகை வேண்டாம், கன காசும் வேண்டாம். ஆஸ்பத்திரிச் சாப்பாடு குடுப்பினம், ஆனா எங்கட ஆக்களுக்கு வீட்டுப் புட்டு இல்லாட்டி வருத்தம் மாறாது எண்டு ஒரு எண்ணம், சரி கொண்டுபோங்கோ, ஆனா டொக்டர் உப்பைக் குறை, சீனியைக் குறை எண்டு சொன்ன பிறகும் விசிட்டிங் நேரத்தில களவா லட்டுக் குடுக்கிற மாமிமாரை என்ன செய்யிறது எண்டு எனக்கு இன்னும் தெரியேல்லை.

விசிட்டிங் நேரம் கேற்றில போட்டிருக்கும், அதைத் தவிர்ந்த நேரம் செக்குரிட்டியோட வாக்குவாதப்பட்டுப் பிரயோசனம் இல்லை. நோயாளியோட நிக்க ஆள் தேவை எண்டா வாட்டில கேட்டு அதுக்குரிய துண்டை வாங்குங்கோ, பெண்கள் வாட்டில பெண்தான் நிக்கலாம். விடியக்காலமை பெரிய டொக்டர் ரவுண்ட்ஸ் வரேக்க வெளிய நிக்கச் சொல்லுவினம், நிண்டிடுங்கோ. ரவுண்ட்ஸ் முடிஞ்ச உடன ஹவுஸ் ஒபிசரை, அதுதான் வாட்டில நிக்கிற சின்ன டொக்டரை, பிடிச்சுக் கேக்கிறதுதான் சரியான நேரம். அந்தப் பிள்ளை ராத்திரி முழுக்க நித்திரை இல்லாம நிண்டிருக்கும், பத்துக் கேள்வி கேக்காம மூண்டைக் கேளுங்கோ: என்ன வருத்தம், இண்டைக்கு என்ன செய்யப்போறியள், எப்ப வீட்ட விடுவியள். சொந்தக்காரர் ஏழு பேர் ஏழு தரம் போய்க் கேக்கிறதை விட்டிட்டு ஒரு ஆள் கேட்டு மற்றவைக்கு வட்ஸ்அப்பில போட்டா எல்லாருக்கும் நிம்மதி, கனடாவில இருக்கிற அண்ணை உட்பட.

டொக்டர்மாரிலயும் மிஸ்மாரிலயும் சிங்களம் மட்டும் தெரிஞ்சவையும் இருப்பினம், தெற்கில இருந்து வேலைக்கு வந்த சின்னப் பிள்ளையள். கனபேர் வந்து கொஞ்ச நாளில "எங்க நோகுது", "சாப்பிட்டீங்களா" எண்ட அளவுக்குப் பிடிச்சிடுவினம். விளங்கேல்லை எண்டா ஓம் ஓம் எண்டு தலையாட்டாதேங்கோ, "விளங்கேல்லை, தமிழ் தெரிஞ்ச ஒராளைக் கூப்பிடுங்கோ" எண்டு கேளுங்கோ. ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வைக்கிற போர்ம் எண்டா இது இன்னும் முக்கியம், என்ன எழுதியிருக்கு எண்டு தெரியாம ஒருத்தரும் கையெழுத்து வைக்கக்கூடாது.

ஒரே கேள்வியை அஞ்சு பேர் கேப்பினம்

முதல்தரம் வாறவைக்குக் கூடக் குழப்பமா இருக்கிறது இதுதான். "போதனா" எண்டா படிப்பிக்கிற ஆஸ்பத்திரி. 1978இல யாழ்ப்பாணத்தில மருத்துவ பீடம் தொடங்கினதில இருந்து பெடியளும் பெட்டையளும் இஞ்சதான் வாட்டில நிண்டு படிக்கினம். வெள்ளைக் கோட்டோட, கழுத்தில குழாயோட, கையில கொப்பியோட ஒரு பிள்ளை வந்து "அம்மா எப்ப நோ தொடங்கினது, முதல் எங்க நொந்தது, சாப்பிட்டாக் கூடுதோ" எண்டு அரை மணித்தியாலம் கேக்கும். அது போக இன்னொண்டு வந்து அதையே திருப்பிக் கேக்கும். பேந்து பத்துப் பேர் சேர்ந்து வந்து, ஒரு புரபெசர் நடுவில நிண்டு, அம்மாவின்ர வயித்தில கை வைச்சு இங்கிலீசில ஏதோ சொல்ல, எல்லாரும் தலையாட்டுவினம். வருத்தக்காரருக்குப் பயம் பிடிச்சிடும், எனக்கு ஏதோ பெரிசா வந்திட்டுது, அதாலதான் இவ்வளவு பேர் வந்து பாக்கினம் எண்டு.

அப்பிடி இல்லை. அவையின்ர பாடம் அது. களைப்பா இருக்கு, நோகுது, விருப்பமில்லை எண்டா "பிறகு வாங்கோ பிள்ளை" எண்டு சொல்லலாம், அதுக்காக உங்கட வைத்தியத்தில ஒரு குறையும் வராது. மருந்தை மாத்துற அதிகாரம் மாணவருக்கு இல்லை, அதால அவை என்ன சொன்னாலும் அதை முடிவா எடுக்காதேங்கோ. ஆனா ஒண்டு சொல்லுறன், நேரம் இருந்தாக் கதையுங்கோ. பெரிய டொக்டருக்கு ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தான், இந்தப் பிள்ளையளிட்டத்தான் அரை மணித்தியாலம் இருக்கு. அம்மா நாட்டு மருந்து ஒண்டும் சேர்த்துக் குடிச்சுக்கொண்டிருந்ததை எங்களிட்டயே சொல்லேல்லை, ஒரு மட்டக்களப்புப் பெட்டைதான் ஆறுதலாக் கேட்டுக் கண்டுபிடிச்சு டொக்டருக்குச் சொன்னது.

மருந்துத் துண்டு எல்லாம் இங்கிலீசிலதான் இருக்கும். அதைப் பாக்கேக்க எல்லாம் எனக்கு மானிப்பாய் கிறீன் டொக்டரின்ர ஞாபகம் வரும், அமெரிக்க மிஷனில இருந்து வந்த மனுசன், 1860களிலயே தமிழில மருத்துவம் படிப்பிச்சு, மருத்துவப் புத்தகங்களைத் தமிழில போட்டவர். நூற்றைம்பது வருஷம் கழிச்சும் நாங்கள் பாமசியில நிண்டு "இது காலமையோ பின்னேரமோ" எண்டு கேக்கிறம். வெட்கப்படாமக் கேளுங்கோ, உறையில தமிழில எழுதித் தரச் சொல்லுங்கோ.

ஐப்பசி 21

அந்த நாளில போனியள் எண்டா உள்ள படங்கள் வைச்சு மாலை போட்டு விளக்கேத்தியிருக்கும், ஊழியர்மாரும் செத்த ஆக்களின்ர குடும்பங்களும் நிப்பினம். 1987 ஐப்பசி (ஒக்டோபர்) 21, தீபாவளி நாள், இந்திய இராணுவம் ஆஸ்பத்திரிக்குள்ள வந்து சுட்டதில நோயாளியளும் ஊழியரும் எண்டு அறுபதுக்கு மேற்பட்ட ஆக்கள் செத்தவை, அதில 21 பேர் ஆஸ்பத்திரி ஊழியர். குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் அடுத்தநாள் விடிய, கையைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் டொக்டர்மார் மிஸ்மார் எண்டு சொல்லிக்கொண்டு வெளிய வரேக்க சுடப்பட்டவர்.

1850இல டைக் எண்ட வெள்ளைக்கார ஏசன்ரர் (அரசாங்க அதிபர்) தொடக்கிவிட்ட ஆஸ்பத்திரி, 1907இல அரசாங்கம் எடுத்தது. 1990இல யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையில நடத்த ஏலாமப் போய், செஞ்சிலுவைச் சங்கம் சுத்திவரப் பாதுகாப்பு வலயம் போட்டுத்தான் திரும்ப நடந்தது, 1995 இடப்பெயர்வில சனத்தோட சேர்ந்து ஆஸ்பத்திரியும் எழும்பிப் போய் பேந்து வந்தது. சண்டை முடிஞ்ச பிறகு ஜப்பான் காசில கட்டின மாடிக் கட்டடத்தில இப்ப தியேட்டரும் லாப்பும் இருக்கு. இதெல்லாம் வழிகாட்டியில எதுக்கு எண்டு கேப்பியள். வயசு போன ஆக்கள் சில பேர் அந்தக் கொரிடோருக்குள்ள வந்தா ஒரு மாதிரி நிண்டிடுவினம், கூட்டிக்கொண்டு போற பிள்ளைக்குக் காரணம் தெரியாது, "கெதியா வாங்கோ" எண்டு இழுக்கும். அப்பிடி நிண்டா கொஞ்சம் பொறுங்கோ.

காசு, இரத்தம், வெளிமருந்து

உள்ள காசு குடுக்கிற வேலை இல்லை. ஆஸ்பத்திரியில இல்லாத மருந்தோ ரெஸ்ற்றோ எண்டா வெளிய எழுதித் தருவினம், 2022 பொருளாதார நெருக்கடி நேரம் அது நல்லாக் கூடிச்சுது. அப்பிடி எழுதினா "இதை விட விலை குறைஞ்ச கொம்பனி இருக்கோ" எண்டு வாட்டிலயும் கேளுங்கோ, முன்னுக்கு இருக்கிற பாமசியில ரெண்டு மூண்டு இடத்திலயும் கேளுங்கோ, ஒரே மருந்து விலை வித்தியாசப்படும். இரத்தம் தேவை எண்டா இரத்த வங்கியில இருந்து எடுத்துப் போடுவினம், ஆரையும் பதிலுக்குக் கொண்டுவந்தாத்தான் தருவம் எண்டு இல்லை, காசுக்கு இரத்தம் எண்டு ஆராவது வெளிய நிண்டு கதை குடுத்தா நம்பாதேங்கோ. மனம் இருந்தா வருத்தம் மாறின பிறகு நீங்களாப் போய் ஒரு பைந்து குடுத்திட்டு வாங்கோ.

துண்டு வெட்டின பிறகு

வீட்ட போகலாம் எண்டு சொன்ன உடன பையைத் தூக்கிக்கொண்டு ஓடாதேங்கோ, சொன்னதில இருந்து காட் கையில வரப் பின்னேரமும் ஆகலாம், கடைசி பஸ்ஸைக் கணக்குப் பாத்து இருங்கோ. டயக்னோசிஸ் காட் வந்த உடன பேர் சரியோ, வயசு சரியோ, அடுத்த கிளினிக் திகதி எழுதியிருக்கோ, எந்தக் கிளினிக், எந்த அறை எண்டு அங்கயே நிண்டு பாருங்கோ. பழைய மருந்தில எதை நிப்பாட்டுறது, எதைத் தொடருறது எண்டு கேளுங்கோ, இதில பிழை விட்டுத்தான் கனபேர் ஒரே மருந்தை ரெண்டு பேரில போட்டுக்கொண்டிருக்கினம். லீவுக் கடிதம், இன்சூரன்ஸ் போர்ம் எண்டா அதையும் அப்பவே கேளுங்கோ, பேந்து வந்து எடுக்கிறது தனி அலைச்சல். வெளிய வந்த உடன காட்டுக்கு ரெண்டு போட்டோ கொப்பி.

கையைப் பாருங்கோ, ஊசி குத்தி வைச்சிருந்த கனியூலா கழட்டியாச்சோ எண்டு. சிரிக்காதேங்கோ. வேற ஒரு ஆஸ்பத்திரியில இருந்து எங்கட மச்சான் ஒருத்தன் வீட்ட போற சந்தோசத்தில முழுக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, கொடிகாமத்தில இறங்கி ரீ குடிக்கக் கையை நீட்டேக்கதான் கண்டவன். ரீக்கடைக்காரர் காசு வாங்கேல்லையாம்.